மேற்படி ஒலி சம்பந்தமாக

தாராளமயம் என்றால் என்ன என்பதைப் பொருளாதார மேதைகள் புத்தகம் புத்தகமாக எழுதி விளக்கியிருக்கிறார்கள். அன்னியச் செலாவணி, இறக்குமதி வரி, உலகச் சந்தை என்று அவர்கள் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் உள்ள நடுக்கரம்பையைப் பொறுத்தவரை, தாராளமயம் என்பது பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு கறுப்பு வட்டம். அது ஒரு மரப்பெட்டியில் பொருத்தப்பட்டு, பழைய வெள்ளைக் கார் ஒன்றின் டிக்கியில் ஏற்றப்பட்டு, ஒரு கார்த்திகை மாதக் கடைசியில் ஊருக்குள் வந்து சேர்ந்தது. நாடு தன் கதவுகளை உலகத்துக்குத் திறந்துவிட்டு அப்போது பதினைந்து வருஷம் போல ஆகியிருந்தது. நடுக்கரம்பைக்குக் காற்று வர அவ்வளவு நாள் ஆனதில் வியப்பில்லை. ஒரத்தநாட்டு பஸ்ஸே அப்படித்தான் வரும்.

வட்டத்துக்குச் சொந்தக்காரன் புகழேந்தி, கீழத்தெரு இராஜாங்கத்தின் மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். தங்கை பூவிழிக்குத் தை மாதம் கல்யாணம் என்று விடுப்பில் வந்திருந்தான். பூவிழி தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள். மாப்பிள்ளை திருக்காட்டுப்பள்ளியில் வாத்தியார். தாலி கட்டிய கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தக் காரில், சொந்தப் பாட்டோடு, ஊருக்குள் வரவேண்டும் என்பது புகழேந்தியின் ஆசை. சிங்கப்பூரில் ஒரு பணக்காரப் பையனின் கார் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்ததை அவன் ஒருநாள் பார்த்திருந்தான். பாட்டு காதில் விழவில்லை, நேராக நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். தங்கச்சி கல்யாணத்தில் நெஞ்சு அதிர வேண்டும்.

டெல்டாவில் ஒலி சம்பந்தமான உச்ச அதிகாரம் படைத்தவர் கடைத்தெரு செல்லதுரை. 'செல்லதுரை சவுண்ட் சர்வீஸ்' இல்லாமல் அந்தப் பக்கத்தில் காதுகுத்தும் நடந்ததில்லை, கருமாதியும் நடந்ததில்லை. பாஸ் எனப்படும் அடித்தொனியை அதிரவைக்கும் அந்த ஸ்பீக்கர் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் அவரிடம் கொண்டுபோய் இறக்கினான் புகழேந்தி.

செல்லதுரை ஆம்ப்ளிஃபயரைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் குலுங்கவில்லை.

"நல்ல சரக்கு," என்றார்.

"அண்ணே, பேட்டரியிலேருந்து டிக்கி வரைக்கும் தடிமனா தனி வயர் இழுக்கணும்னு அட்டையில போட்டிருக்கு."

"தம்பி, அட்டையில போட்டது வெள்ளைக்காரன் ஊருக்கு. அங்க குளிரு. வயர் சுருங்கும். அதனால தடிமனா கேப்பான். நம்ம வெயிலுக்கு மெல்லிசே விரிஞ்சு கொடுக்கும்."

வயர் தேர்வு நடந்தது. அறை மூலையில் கிடந்த ஒரு சுருளைச் செல்லதுரை எடுத்து வந்தார். "இது சாதாரண வயர் இல்ல. மாரியம்மன் திருவிழாவுல ஐநூறு பல்பு எரிஞ்ச வயரு. ஐநூறு பல்பு தாங்குனது ஒரு பொட்டியத் தாங்காதா?"

"ப்யூஸ் வைக்கணுமாமே?"

"வச்சா போயிடும் தம்பி. இல்லாத ப்யூஸ் எப்படிப் போகும்?"

இந்தத் தத்துவத்தைக் கேட்டுக்கொண்டு புகழேந்தி அடுத்த வயரைக் கையில் எடுத்தான்.

"இந்த நீல வயர் எதுக்குண்ணே?"

"அது... அழகுக்கு விட்டிருப்பான். இருந்தாலும் வீணாக்க வேணாம்," என்று நீல வயரைச் சிவப்பு வயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். கடைசியாக எர்த். டிக்கியின் உட்சுவரில், பளபளவென்ற வெள்ளைப் பெயிண்டின் மேலேயே, ஒரு திருகு. "காரே இரும்பு. எங்க தொட்டாலும் எர்த்துதான்."

ஆம்ப்ளிஃபயரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. செல்லதுரை கையைத் தட்டித் தூசி துடைத்துக்கொண்டார். "செவப்பு எரியுதா? பவர் வந்துடுச்சின்னு அர்த்தம்."

பாட்டைப் போட்டார்கள். கதவுகளில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் வழக்கம்போல் கீச்கீச்சென்று பாடின. டிக்கியில் இருந்த கறுப்பு வட்டம் மௌனமாக இருந்தது. புகழேந்தி அதன்மேல் கையை வைத்துப் பார்த்தான், ஒரு துடிப்பும் இல்லை.

"பாஸ் வரலையேண்ணே?"

"பாஸ் காருக்குள்ள கேக்காது தம்பி. அதோட அலை நீளம். உள்ள அடங்காது. வெளிய போயித்தான் விரியும்."

அது விஞ்ஞானம் போலவே இருந்தது. புகழேந்தி நம்பினான்.

அன்று சாயங்காலம் கீழத்தெருவில் ஒலிச்சோதனை நடத்தப்பட்டது. பூவிழி காருக்குள் உட்கார்ந்து பாட்டை முழுசாகத் திருகி வைத்தாள். புகழேந்தி வெளியே நின்று கேட்டான். எதுவும் இல்லை. செல்லதுரைக்கு செல்போன் போட்டான். "இன்னும் தள்ளி நில்லுங்க தம்பி, அலை நீளம்னு சொன்னேன்ல" என்றார். புகழேந்தி அம்பலத் திடல் வரைக்கும் போனான். மதகு வரைக்கும் போனான். அங்கே வாய்க்காலில் தவளைகள் பிரமாதமாகப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தன. கார் கேட்கவில்லை.

"அண்ணே, எங்க போறே? அப்படியே நடந்து ஒரத்தநாடு போயிடாத," என்று பூவிழி கத்தினாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நடுக்கரம்பையிலிருந்து வெளியுலகத்துக்குப் போக இருப்பது ஒரே தார்ரோடு. அது மேலத்தெரு வழியாகப் போகிறது. இன்னொரு வழி வாய்க்கால் கரை. கார்த்திகை மார்கழியில் அதில் எருமை இறங்கினாலே ஏறாது. எனவே கார் மேலத்தெரு வழியாகப் போய் வரத் தொடங்கியது. கீழத்தெருவிலிருந்து அந்த வழியில் போன முதல் கார் அதுதான்.

ஒருநாள் கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது இராஜாங்கம் முதல்முறையாக முன்சீட்டில் ஏறினார். மேலத்தெரு முனை வந்ததும், "நிறுத்துப்பா, நான் எறங்கிக்கறேன்" என்றார்.

"ஏம்ப்பா? கடைத்தெருதானே போறோம்?"

"போவோம். நீ அந்தாண்ட போயி நில்லு. நான் நடந்து வந்து ஏறிக்கறேன்."

"யாரும் இப்ப அதெல்லாம் கேக்கறதில்லப்பா."

"கேக்கறதில்லதான். எனக்குத்தான் காலு தானா எறங்குது."

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு அவர் நடந்தார். புகழேந்தி காரை அவருக்குப் பின்னால் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனான். பாட்டை நிறுத்திவிட்டான். தெரு முழுக்கத் தன் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் மேலத்தெருவின் பெருமையையும் பஞ்சநதம் அவர்களின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். பஞ்சநதம் முன்னாள் ஊராட்சித் தலைவர். வாய்க்காலின் இரு கரையிலும் நிலம் உள்ளவர். ஒரு மகன் அமெரிக்காவில், ஒரு மகன் சென்னையில். தாராளமயத்தின் மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. திறமை உள்ளவன் யாராக இருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பார். எங்கே வேண்டுமானாலும் என்றால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்கள். இயற்கையிலேயே நுண்ணுணர்வு மிக்கவர். மார்கழி பிறந்துவிட்டதால் மேலத்தெருக் கோயிலில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டி, விடிவதற்கு முன்பிருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே குழந்தை போலத் தூங்கும் அந்தத் தெரு, கீழத்தெருக் காரின் பாஸைக் கேட்டு விழித்துக்கொண்டது.

ஒருநாள் காலை கிராம உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து புகழேந்தியிடம் கொடுத்தார். தாலுக்கா ஆபீஸுக்கு மேலத்தெருவார் கொடுத்த மனுவின் நகல். பூவிழி உரக்கப் படித்தாள்.

"'பொருள்: வாகன ஒலியால் பொது அமைதிக்குப் பங்கம் ஏற்படுதல் சம்பந்தமாக. ஐயா, மேற்படி வாகனத்தின் பின்புறம் வைக்கப்பட்டுள்ள ராட்சத ஒலிப்பெட்டியிலிருந்து வரும் அதிர்வினால் வீட்டுச் சுவர்களில் விரிசல் கண்டுள்ளது. ஓடுகள் சரிகின்றன. மனுதாரரின் கறவை மாடு சென்ற செவ்வாய்க்கிழமை முதல் பால் கொடுக்க மறுக்கிறது. முதியோர் நெஞ்சு படபடப்பால் அவதியுறுகின்றனர்...'"

புகழேந்தி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"ஏ பூவிழி! அங்க கேக்குதாம்!"

"அண்ணே, இது உன்மேல குடுத்த புகார்."

"அது கெடக்கட்டும். நெஞ்சு படபடக்குதுன்னு போட்டிருக்காங்க பாரு, நெஞ்சு! ஓடு சரியுதாம்! செல்லதுரை அண்ணன் சொன்னது சரிதான். அலை நீளம்!"

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் மனுவைக் காட்டினான். செல்லதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக ருசித்துப் படித்தார். விரிசல் என்ற இடத்தில் தலையாட்டினார். மாடு என்ற இடத்தில் கண் கலங்கினார்.

"மாடு வரைக்கும் போயிருக்கு தம்பி. என் சர்வீஸ்ல இந்த மாதிரி ரிசல்ட் வந்ததே இல்ல. இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொண்டார். லேமினேஷன் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். கல்யாண வீட்டார் ஒலிபெருக்கி பேச வந்தால் அதைக் காட்டி ஆர்டர் பிடித்தார் என்று கேள்வி.

ஆனாலும் புகழேந்திக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. காசு போட்டவன் அவன். நெஞ்சு படபடப்பதோ பஞ்சநதத்துக்கு. தவிர, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு காரை நிறுத்தினாலும் அணைவதில்லை, சாமிமாடத்து விளக்கு மாதிரி எந்நேரமும் எரிந்தது. பேட்டரி தினமும் காலையில் செத்துக் கிடந்தது. கீழத்தெரு ஆட்கள் கூடித் தள்ளினால்தான் கார் கிளம்பும், சில நாள் கடைத்தெரு வரைக்குமே தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் அப்பாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரில் முகம்மது யூசுப்பின் கார் ஆடியோ கடைக்குப் போனான்.

முகம்மது யூசுப் அடக்கம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர். துபாயில் பத்து வருஷம் இருந்தவர்.

"நான் அங்க ஷேக்கு வண்டிக்கு வயரிங் போட்டேன். ஒட்டகம் மயங்கி விழுந்துச்சு. அந்த ஒட்டகத்த நீங்க கேட்டாலும் சொல்லும்," என்று சொல்லிக்கொண்டே டிக்கியைத் திறந்தார். திறந்தவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம் என்று கடைப் பணியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது யாரு செஞ்சது? எறந்துபோன யாராச்சுமா?"

"ஏங்க?"

"செவப்பு லைட்டு எரியுதே, இது என்னன்னு சொன்னாங்க?"

"பவர் வந்துடுச்சின்னு."

"பவர் வந்தா பச்சை எரியும் தம்பி. செவப்புன்னா ஆம்ப்ளிஃபயர் தன்னையே காப்பாத்திக்கிட்டுப் பேசாம உக்காந்திருக்குன்னு அர்த்தம். 'என்னால முடியாது, என்னை விட்டுடு'ங்குது. நீல வயரு ஸ்டீரியோவுலேருந்து வரணும். பாட்டுப் போட்டா ஆம்ப்ளிஃபயர் எழுந்திருக்கணும், நிறுத்துனா தூங்கணும். இத பேட்டரியோட முறுக்கி வச்சா ராவும் பகலும் முழிச்சிக்கிட்டே பேட்டரியத் தின்னும். மெயின் வயரு தலைமுடி மாதிரி இருக்கு. பெரிய மோட்டாருக்கு வரப்பு வாய்க்கால்ல தண்ணி விட்ட கணக்கு. ப்யூஸு கிடையாது. எல்லாத்துக்கும் மேல, எர்த்து." அவர் திருகைச் சுண்டினார். "பெயிண்டு மேல புடிச்சிருக்கான். பெயிண்டுல கரண்ட் சரியா ஓடாது. சுரண்டிட்டு இரும்புல புடிக்கணும். உங்களுக்கு அடிப்படையே எர்த்து சரியில்ல."

அதுவரை ஓரமாக நின்றிருந்த இராஜாங்கம் கேட்டார்: "எர்த்துன்னா மண்ணுதானே தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"அது எங்களுக்கு எந்தக் காலத்துல சரியா இருந்துச்சு?"

யூசுப் அவரைப் பார்த்தார். ஒட்டகக் கதையை அதற்குப் பிறகு அவர் தொடரவில்லை.

புகழேந்திக்கு வேறொன்று உறைத்திருந்தது. "பாய், அப்ப இந்தப் பொட்டி இதுவரைக்கும்..."

"ஒரு தும்மல்கூடப் போட்டிருக்காது. வாங்குன நாள்லேருந்து ஊமை."

"மேலத்தெருவுல சுவரு விரிஞ்சிருக்கே?"

"எதனால விரிஞ்சுதோ. பொட்டியால இல்ல."

புகழேந்தி காரின் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததை நினைக்க முகம் சூடானது. பெட்டியைக் கேட்டு அவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று துள்ளினோமே. படபடத்தது உண்மைதான். எதைப் பார்த்து என்பதுதான் இப்போது விளங்கியது.

"இப்பவே சரி பண்ணிடலாமா?" என்றார் யூசுப்.

"வேணாம்," என்றாள் பூவிழி. "அந்த மனு மேல வெள்ளிக்கிழமை அமைதிக் கூட்டம் போட்டிருக்காங்க. அது முடியற வரைக்கும் ஒரு வயரையும் தொடாதீங்க. நீங்க மட்டும் மீட்டர எடுத்துக்கிட்டு அங்க வந்துடுங்க."

ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை கூடியது. துணை வட்டாட்சியர் தலைமை தாங்கினார். ஒரு பக்கம் மேலத்தெரு, நாற்காலிகளில். மறுபக்கம் கீழத்தெரு, நாற்காலி தீர்ந்துவிட்டதால் நின்றபடி. நடுவே வெள்ளைக் கார், டிக்கியைத் திறந்துகொண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் கடைசி வரை அமைதி காத்தது டிக்கியில் இருந்த பெட்டி ஒன்றுதான்.

"இந்தக் கட்டத்துல ஒரு சமரசம் வேணும்," என்றார் துணை வட்டாட்சியர். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊரில் சமரசம் இருந்தது. "பெட்டிய எடுத்துடுங்க தம்பி. பிரச்சினை முடிஞ்சுது."

"எடுத்துடறேன் சார். அதுக்கு முன்னால அது சத்தம் போடுதான்னு ஒருதடவ கேட்டுடுங்க."

பாட்டைப் போட்டார்கள். கதவு ஸ்பீக்கர்கள் கீச்சிட்டன. துணை வட்டாட்சியர் எழுந்து வந்து டிக்கிக்குள் தலையை விட்டுக் கறுப்பு வட்டத்தின் மேல் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். டாக்டர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே?"

யூசுப் மீட்டரை வைத்துக் காட்டி, ஊமைப் பெட்டியின் ஜாதகம் முழுவதையும் சபைக்கு விளக்கினார். ஒட்டகமும் வந்தது.

துணை வட்டாட்சியர் பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, பெட்டி ஆரம்பத்துலேருந்தே வேலை செய்யலைங்கறாரு. நீங்க எதைக் கேட்டீங்க?"

பஞ்சநதம் பதறவில்லை. "இது தாழ்ந்த சுருதிங்க. எல்லாரு காதுக்கும் கேக்காது. சுவரு வழியா, தரை வழியா வரும். எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னே தெரியாது. தாழ்ந்தது எல்லாமே அப்படித்தான் சார், அது பாட்டுக்கு உள்ள வந்துடும். நாமதான் முன்கூட்டியே உஷாரா இருக்கணும்."

"மாடு செவ்வாய்க்கிழமை பாலை நிறுத்துச்சின்னு போட்டிருக்கீங்களே," என்றாள் பூவிழி. "அன்னிக்குக் காலையில பேட்டரி போயி, உங்க தெரு வழியா காரைத் தள்ளிக்கிட்டுத்தானே போனோம்? என்ஜினே ஓடல. தள்ளுனவங்க பூராம் இங்கதான் நிக்கறாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துணை வட்டாட்சியருக்குச் சிரிப்பு ஆகாது. அவர் சமரசத்தைத் தேடினார்.

"சரிங்க ஐயா. பெட்டிய எடுத்துட்டா ஆட்சேபணை இல்லையே?"

மேலத்தெரு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. "பொட்டி இல்லேன்னாலும் பாட்டு இருக்கே," என்றார் பஞ்சநதம்.

"பாட்டையும் நிறுத்திட்டா?"

"ஹாரன் இருக்கு."

"ஹாரன் அடிக்காம போனா?"

"என்ஜின் சத்தம் இருக்குங்களே."

"என்ஜினையும் அணைச்சிட்டுத் தள்ளிக்கிட்டே போனா?"

இது ஆழமான கேள்வி. மேலத்தெரு வெகுநேரம் யோசித்தது. பஞ்சநதத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், உதவி செய்யும் நல்ல நோக்கத்தோடு, பளிச்சென்று சொல்லிவிட்டார்:

"அப்பயும் உள்ள ஆளு உக்காந்திருக்குமே சார்."

பஞ்சநதம் திரும்பி அவரை முறைத்தார். புகழேந்தி தன் அப்பாவைப் பார்த்தான். இராஜாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த துண்டு கையில் இருந்தது. காரை உருட்டிக்கொண்டு அந்த முதுகுக்குப் பின்னால் போன நாள் புகழேந்தியின் நினைவுக்கு வந்தது.

துணை வட்டாட்சியர் அனுபவசாலி. இரு தரப்பையும் திருப்திப்படுத்தும் விதமாக அந்த இடத்திலேயே அறிக்கையை எழுதி, வாசித்தும் காட்டினார்: "'தணிக்கை செய்ததில், மேற்படி ஒலி: இல்லை. மேற்படி ஒலியினால் இடையூறு: உண்டு. எனவே மேற்படி வாகனம் மேற்படி தெருவைத் தவிர்த்து, வாய்க்கால் கரை வழியாகச் செல்ல அறிவுறுத்தப்படுகிறது.' ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பஞ்சநதம் உடனே பேனாவை எடுத்தார்.

"சார், இதுக்கு ஒரு நகல் வேணும்," என்றாள் பூவிழி.

"எதுக்கும்மா?"

"சத்தம் இல்ல, இடையூறு மட்டும் இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்ப இடையூறு எதுன்னு கோர்ட்டுல கேக்கணும்ல? காருக்குள்ள ஆளு உக்காந்திருக்கறதுதான் இடையூறுன்னு இத்தனை பேரு முன்னால சொல்லியிருக்காங்க. பொதுப்பாதையில போகவிடாம தடுக்கறதுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல தனிப்பிரிவே இருக்கு சார். தினம் டைப் அடிக்கறேன், எண்ணு மனப்பாடம். சொல்லட்டுமா?"

"இரும்மா, இரு."

"அதுக்குத் துணைபோற அதிகாரிங்களுக்கும் ஒரு பிரிவு இருக்கு. அதுவும் மனப்பாடம்தான்."

பஞ்சநதத்தின் கையில் இருந்த பேனா தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அறிக்கைத் தாள் துணை வட்டாட்சியரின் கையில் இரண்டாகி, நான்காகி, எட்டாகி அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. சட்டத்தின் பெயரைச் சொன்னதுமே பஞ்சநதத்தின் நெஞ்சு படபடப்பு நின்று முகம் தெளிந்ததை அன்று எல்லாரும் பார்த்தார்கள். வைத்தியத் துறை கவனிக்க வேண்டிய சங்கதி.

"நாங்க என்னைக்குத் தடுத்தோம்?" என்றார் அவர். "இராஜாங்கம் வீட்டுக் கல்யாணம் நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி. தாராளமா போகட்டும். எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போட்டுக்கட்டும். தாராளமா!"

யூசுப் அன்று சாயங்காலமே காரைத் தஞ்சாவூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். பெருவிரல் கனத்துக்குச் செப்பு வயர் இழுத்தார். பேட்டரியை ஒட்டி ப்யூஸ் வைத்தார். நீல வயரை அதற்குரிய இடத்தில் சேர்த்தார். டிக்கியின் வெள்ளைப் பெயிண்டை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து எர்த்தைப் பிடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. முதல் அடி விழுந்தபோது கடையில் டீ கிளாஸ் மேசையில் தானாக நகர்ந்தது. புகழேந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெயிண்டு தேய்ச்ச தூசி" என்றான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பின்சீட்டில் பூவிழியும் மாப்பிள்ளை வாத்தியாரும். முன்சீட்டில் இராஜாங்கம். மேலத்தெரு முனை வந்தபோது அவர் கை கதவுக் கைப்பிடிக்குப் போயிற்று. புகழேந்தி பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். பாஸ் சீட்டு வழியாக ஏறி இராஜாங்கத்தின் முதுகில் தொம் தொம்மென்று தட்டியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார் மேலத்தெருவுக்குள் நுழைந்தது. ஓட்டுக்கூரைப் புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. கோயில் மணி யாரும் தொடாமலே முனகியது. வாசலுக்கு வாசல் ஆட்கள் இருந்தார்கள். கோலத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். பஞ்சநதம் வாசலில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கையில் நடுங்கிற்று. இந்த முறை அதற்குக் காரணம் உண்மையிலேயே பாஸ்தான்.

பாதுகாப்புக்கு வந்திருந்த ஏட்டு ஊருக்குப் புதியவர். பழைய புகாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். பஞ்சநதத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, காதுக்குள் கத்தினார்:

"ஐயா, காரு சத்தம் தொந்தரவா இருக்குங்களா? குறைக்கச் சொல்லட்டுமா?"

பஞ்சநதம் பேப்பரை மடித்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்தார். வெள்ளைக் கார் அப்போது அவருடைய கால்விரலுக்கு ஒரு முழத் தூரத்தில், பூமாலை சுற்றிக்கொண்டு, மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"எந்தக் காரு?" என்றார்.

ஏட்டு அசந்துபோனார். பஞ்சநதம் நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். நடிப்பு இல்லை, நீண்ட பயிற்சி. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த இராஜாங்கம் நாற்பது வருஷம் அதே வாசலைத் தாண்டித்தான் பஞ்சநதத்தின் வயல் வேலைக்கு நடந்திருக்கிறார். நடவு நாளும் அறுப்பு நாளும் போக மீதி நாளில் பஞ்சநதம் அவரையும் இப்படித்தான் பார்க்காமலே இருந்திருக்கிறார்.